பத்து வெள்ளிக்கு விண்வெளி

சுங்கை சிப்புட் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், போன வாரம் விண்வெளிக்குக் கூட்டிப்போகும் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடிக் கடை ஒன்று போட்டிருந்தார்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்), ஆறு நிமிடம். கண்ணாடியின் பஞ்சு முன்னால் போட்டவரின் வியர்வையில் ஊறிக் கிடந்தது, துடைக்க ஒரு டிஸ்யூ கூட இல்லை, நாற்காலி குலுங்கிய குலுங்கலில் பையிலிருந்த சில்லறை வேறு கொட்டிப்போனது. ஆனால் பூமி நீலமாகக் கீழே நழுவியபோது, பொய் சொல்லவில்லை, வாயைப் பிளந்துவிட்டேன்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மாமாவும் கூட வந்திருந்தார். "நிஜமாகவே கூப்பிட்டால் போவீர்களா மாமா?" என்றேன். "டிக்கெட் எவ்வளவுடா?" அதுதான் முதல் கேள்வி, உயிர் அப்புறம்தான். 2001-இல் அமெரிக்கப் பணக்காரர் டென்னிஸ் டிட்டோ சுமார் 2 கோடி டாலர் கட்டிப் போனார். நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் 2007-இல் போனது ரஷ்யப் போர்விமானம் வாங்கிய ஒப்பந்தத்தோடு வந்த இடம், சொந்தக் காசு இல்லை. 1986-இல் சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் கிளம்பி 73 வினாடியில் சிதறியது, உள்ளே ஒரு பள்ளி ஆசிரியையும் இருந்தார் என்று சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, ஓசி என்றால் போவேன். உன் அத்தையிடம் மட்டும் சொல்லாதே."

போகிறவர்கள் ஏழு மணிக்கே போய்விடுங்கள், பஞ்சு காய்ந்திருக்கும்.