மண்டபத்தில் வேலையா? பட்டணம்காத்தானில் வீடு பாருங்கள்

கணவருக்கு மண்டபத்தில் வேலை, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும், அதனால் மண்டபம் போகும் வழியில் இருக்கும் உச்சிப்புளியா, ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானா என்று அலசிப் பார்த்துத்தான் பட்டணம்காத்தானுக்கு வாடகைக்கு வந்தோம். ராமநாதபுரம் பள்ளிகள் பக்கம், சின்னவள் வேனில் கண் அசருவதற்குள் இறங்கிவிடுகிறாள். ராமேஸ்வரம் பஸ் வாசலிலேயே கிடைக்கிறது. கலெக்டர் ஆபீஸும் இங்கேதான்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

உச்சிப்புளியில் ரயில் நிலையம் உண்டு, நாங்கள் பார்த்த வீடுகளில் வாடகையும் குறைவு. ஆனால் எல்.கே.ஜி. பிள்ளையை அங்கிருந்து தினமும் டவுனுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.