விடுமுறை வாரத்துக்கு டூப்லோ கட்டைகள்
இரண்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் விடுமுறையில் சேர்ந்து விளையாட வேண்டும் என்றுதான் லெகோ நிறுவனத்தின் டூப்லோ, அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கினேன், பணம் வீண் போகவில்லை. 1969-இல் வந்த இந்தக் கட்டை சாதாரண லெகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு, அதனால் சின்னவள் விழுங்கிவிடுவாளோ என்ற பயம் இல்லை. பெரியவனின் லெகோவும் இதன்மேல் பொருந்தும். ஆனால் அந்தச் சின்னக் கட்டைகளை அவள் தூங்கும்போது மட்டும் எடுப்போம். படத்தைப் பார்த்துக் கட்டச் சொல்லாதீர்கள். "பொம்மை மழையில நனையாம ஒரு வீடு வேணும்" என்றேன், அவ்வளவுதான். அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு கூரை போட, அவள் சிவப்புக் கட்டையாகத் தேடித்தேடிக் கொடுத்தாள். அப்புறம், பாதியை ஒளித்து வையுங்கள், மூன்றாம் நாள் எடுத்தால் புதுசு வந்த மாதிரி குதிக்கிறார்கள்.