பெட்டியை எதில் செய்வது? ரெடிமேட், தகரம், பிரிண்ட், சிலிக்கோன், டை

தோட்டத்து மோட்டாரை செல்போனிலிருந்து ஆன் செய்யும் கருவி ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போர்டு வேலை செய்கிறது, ரிலே அடிக்கிறது, சிம் போட்டால் சிக்னல் வருகிறது. இனி அதை மூட ஒரு பெட்டி வேண்டும். 180 மி.மீ. நீளம், 120 அகலம், 70 ஆழம். மோட்டார் ரூம் சுவரில் வெயிலும் சாரலும் படத் தொங்க வேண்டிய பெட்டி.

இதற்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு பீஸுக்கு என்ன விலை என்று கேட்டுத்தான் இவற்றை ஒப்பிடுகிறார்கள். அந்தக் கேள்வி பாதி உண்மையைத்தான் சொல்லும். டிசைனை இன்னும் எத்தனை முறை மாற்றப் போகிறீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எந்த வழி எவ்வளவு வசூலிக்கும் என்பதுதான் மீதிப் பாதி.

முதலில் ரெடிமேட் பெட்டி. எலக்ட்ரிக்கல் கடையில் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பெட்டிகள் ரப்பர் கேஸ்கெட்டோடு, ஐபி65 தரத்தில், அதாவது தூசியும் பீச்சும் தண்ணீரும் புகாதபடி, கிடைக்கின்றன. ஓட்டை போட்டு, ஒயர் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் கேபிள் கிளாண்டு மாட்டி, முன்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் வேலை முடிந்தது. இதைப் பலரும் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் சில நூறு பீஸுக்கு இதுதான் சரியான வழி. தண்ணீர் புகாமல் காக்கும் வேலையை வேறொருவர் ஏற்கெனவே செய்து, சோதித்தும் வைத்திருக்கிறார். ஒரே தொல்லை, பெட்டிக்கு ஏற்றபடி போர்டின் அளவையும் ஸ்க்ரூ ஓட்டைகளையும் நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தகரப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிகளெல்லாம் காலங்காலமாக அதில்தான் வருகின்றன. லேசரில் வெட்டி, மடித்து, பவுடர் கோட்டிங் அடித்தால் தீர்ந்தது. பிளாஸ்டிக்கை வார்க்கும் உலோக அச்சான டையும் தேவையில்லை, மாற்றமும் சுலபம். ஆனால் உள்ளே சிம் மாடியூல் இருந்தால் உலோகம் சிக்னலை மறைத்துவிடும். ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டும். எர்த்தும் ஒழுங்காகக் கொடுத்தாக வேண்டும்.

அப்புறம் த்ரீடி பிரிண்ட். இழையை உருக்கி அடுக்கடுக்காக வைக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2009-ல் அந்தக் காப்புரிமை காலாவதியானதும்தான் மெஷின் விலை சரிந்து, சின்னப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. இதில் மாற்றத்துக்குக் கூலி கிடையாது. மாலையில் டிராயிங்கைத் திருத்தி ராத்திரி ஓட விட்டால் காலையில் புதுப் பெட்டி ரெடி. யூஎஸ்பி ஓட்டை 2 மி.மீ. தள்ளியிருக்கிறதா? இன்னொன்று அடித்துக்கொள்ளலாம்.

இந்தச் சௌகரியத்துக்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. பிரிண்டர் எதையும் மறுப்பதில்லை. ஒரு பக்கம் 2 மி.மீ. சுவர், இன்னொரு பக்கம் 8 மி.மீ. கட்டை, உள்பக்கமாக மடங்கிய கொக்கி, துளிச் சரிவும் இல்லாத செங்குத்துச் சுவர் என்று எதைக் கொடுத்தாலும் அடித்துத் தருகிறது. அதே டிராயிங்கை டை போடும் டூல் ரூமுக்குக் கொண்டுபோனால், பார்த்ததுமே தலையை ஆட்டுவார்கள்.

காரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இன்ஜெக்‌ஷன் டையில் வெளிவடிவம் தரும் கேவிட்டி, உள்வடிவம் தரும் கோர் என்று இரண்டு பாதிகள். இடையிலுள்ள வெற்றிடத்தில் உருகிய பிளாஸ்டிக் அழுத்தத்தோடு பாய்ந்து, ஆறி, சுருங்கி, கோரைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. எஜெக்டர் பின்கள்தான் அதைத் தள்ளி வெளியேற்றுகின்றன. சுவர் செங்குத்தாக இருந்தால் உரசிக்கொண்டே வரும், கீறல் விழும், சில சமயம் மாட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் ஒரு டிகிரியாவது டிராஃப்ட், அதாவது சரிவு, கேட்கிறார்கள். வீட்டிலுள்ள பிளாஸ்டிக் வாளியைப் பாருங்கள், வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும். நம் பெட்டியின் 70 மி.மீ. ஆழத்துக்கு ஒரு டிகிரி என்றாலே ஒரு பக்கத்துக்கு 1.2 மி.மீ. போய்விடும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 2.4. பிரிண்ட் பெட்டியில் இறுக்கமாக உட்கார்ந்த போர்டு டை பெட்டியின் அடியில் இறங்காமல் போவது இப்படித்தான். மேற்பரப்பில் சொரசொரப்பான டெக்ஸ்சர் வேண்டுமென்றால் சரிவு இன்னும் கூட வேண்டும்.

சுவர் கனமும் அப்படித்தான். பீஸ் ஆறுவதற்கான நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 2 மி.மீ. சுவரை 4 ஆக்கினால் ஆறும் நேரம் நான்கு மடங்கு. மெஷின் நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதனால் பலம் வேண்டிய இடத்தில் சுவரைக் கனமாக்காமல் உள்ளே ரிப், அதாவது மெல்லிய தாங்கு பட்டை, கொடுப்பார்கள். அந்த ரிப்பும் சுவர் கனத்தில் 50, 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் வெளிப்பக்கம் குழி விழும். அதற்கு சிங்க் மார்க் என்று பெயர். பளபளப்பான கறுப்புப் பெட்டியில் அது தூரத்திலிருந்தே தெரியும்.

சரி, பிரிண்ட் பெட்டியையே விற்கலாமே? விற்கலாம், ஆனால் இந்தப் பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிண்டில் பரவலாக ஓடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் தகரக் கொட்டகைச் சுவரில் மாட்டிய மூடிய பெட்டிக்கு அது எட்டாத சூடு அல்ல. அடுக்குகளுக்கு இடையே ஈரம் கசியலாம். கொக்கியை நிமிர்த்தி அடித்திருந்தால் அடுக்குவாக்கில் பட்டென்று உடையும். இன்னொன்று, பிரிண்ட் பீஸை விழவைத்துப் பார்த்து டை பீஸின் பலத்தை முடிவு செய்யக் கூடாது. அளவு சரியா, கை நுழைகிறதா, ஒயர் மடங்க இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லத்தான் பிரிண்ட்.

சிலிக்கோன் மோல்டு இடைப்பட்ட ஆள். பிரிண்டில் எடுத்த மாதிரிப் பீஸை, அதாவது மாஸ்டரை, தேய்த்து மெருகேற்றி, அதைச் சுற்றி சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, காய்ந்ததும் இரண்டாக வெட்டி, வேக்யூமில் பாலியூரிதேன் ரெசின் ஊற்றுவார்கள். மாஸ்டரில் விட்ட கோடு ஒவ்வொரு பீஸிலும் அப்படியே வரும், தேய்ப்பதில் சோம்பல் கூடாது. ஒரு மோல்டில் 15 முதல் 25 பீஸ் வரை எடுத்தால் ரப்பர் கிழிய ஆரம்பிக்கும். பார்வைக்கு டை பீஸ் போலவே இருக்கும். டீலர்களிடம் காட்ட, கண்காட்சியில் வைக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. விற்பனைக்கு என்றால் கட்டுப்படியாகாது.

இப்போது கணக்கு. கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் கொட்டேஷன் வேறாக இருக்கும். உடல், மூடி இரண்டுக்கும் சேர்த்து டை 4 லட்சம் ரூபாய், ஒரு செட் அடிக்க 40 ரூபாய். ரெடிமேட் பெட்டி ஓட்டை போட்டு 300 ரூபாய். பிரிண்ட் 500 ரூபாய். பிரிண்டோடு ஒப்பிட்டால் 870 பீஸிலேயே டை காசு தேறிவிடும். ரெடிமேடோடு ஒப்பிட்டால் 1,540 பீஸ் ஆக வேண்டும். பிரிண்டை மட்டும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டு, சீக்கிரமே டைக்குப் போகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நீங்கள் தாண்ட வேண்டிய எதிராளி ரெடிமேட் பெட்டி.

அந்த 4 லட்சமும் டிசைன் மாறாது என்ற நம்பிக்கையில் போட்ட தொகை. டையில் மாற்றம் ஒருவழிப் பாதை. இரும்பை இன்னும் கொஞ்சம் தோண்டலாம், மில்லிங்கோ, மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க்கோ போட்டால் போதும். தோண்டிய இடத்தில் திரும்ப இரும்பு வைக்க வெல்டிங் அடித்து, மறுபடி கடைந்து, பாலிஷ் போட வேண்டும். டெக்ஸ்சர் பரப்பில் அந்தத் தழும்பு தெரியவும் கூடும். அதனால் அனுபவப்பட்ட டிசைனர்கள் சந்தேகமான அளவுகளை வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். மூடியின் லாக் கொக்கியை முதல் டிரையலில் கொஞ்சம் லூசாக வரும்படி விடுவார்கள். லூசு என்றால் டையில் கொக்கிக் குழியை இன்னும் ஆழமாக்கினால் கொக்கி பெரிதாகி இறுகிவிடும். முதலிலேயே டைட்டாக வைத்துவிட்டால் வெல்டிங்தான் கதி.

மெட்டீரியலையும் டைக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஏபிஎஸ் அரை சதவீதம் போலச் சுருங்கும், 180 மி.மீ. நீளத்தில் அது 0.9. பாலிப்ரொப்பிலீன் ஒன்றரை சதவீதம் என்றால் 2.7. ஒன்றுக்கு வெட்டிய டையில் மற்றதை அடித்தால் மூடி உட்காராது. வெயிலில் தொங்கும் பெட்டிக்குச் சாதாரண ஏபிஎஸ் மஞ்சளித்து நொறுங்கும், அதன் உறவான ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் தாங்கும். உள்ளே த்ரீ ஃபேஸ் கரண்ட் ஓடுவதால் தீப்பிடித்தாலும் தானே அணையும் கிரேடு கேளுங்கள். டைக்குள் பிளாஸ்டிக் பாயும் வழியில் மிஞ்சும் ரன்னர் துண்டுகளை அரைத்துக் கலப்பதற்கும் ஒரு வரம்பை எழுத்தில் வையுங்கள்.

என் தேர்வு இது. முதல் நாளிலிருந்தே டைக்கான விதிகளோடு, டிராஃப்ட்டும் ஒரே சீரான சுவரும் வைத்து வரையுங்கள். பிரிண்டில் அளவு பாருங்கள். முதல் சில நூறு பீஸை ரெடிமேட் பெட்டியில் விற்று, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தோட்டத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். போர்டில் மாற்றம் நின்ற பிறகு டை. சில ஆயிரம் பீஸ்தான் என்றால் அலுமினிய டை போதும், லட்சம் லட்சமாகப் பீஸ் அடிக்க யோசித்தால் டைக்கென்றே வரும் பி20 ஸ்டீல். சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் மெட்டீரியலைச் சோதிக்க வழி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

டைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: டை யாருடைய சொத்து, எங்கே இருக்கும், எப்போது எடுத்துப் போகலாம், எத்தனை டிரையல் விலைக்குள் அடக்கம். டையின் டிராயிங் ஃபைல்களும் உங்களுக்கு வர வேண்டும் என்று அதிலேயே சேருங்கள். நாளைக்கு வேறு பட்டறையில் பின் ஒன்று உடைந்தால் அதைக் கடைவதற்கு அந்த ஃபைல்தான் தேவைப்படும்.