ஒரே தலைப்பு, மூன்று வழிகள்: அமிலோரைடு, டிரையாம்டெரின், ஸ்பைரோனோலாக்டோன்

பாடநூல்கள் இந்த மூன்று சிறுநீர்ப்பெருக்கிகளையும் ‘பொட்டாசியம் காப்பவை’ (சிறுநீரில் பொட்டாசியம் வீணாகாமல் காப்பவை) என்று ஒரே தலைப்பின்கீழ் அடக்குகின்றன. மூன்றும் பெரும்பாலும் சிறுநீரகச் சேகரிப்பு நாளத்தின் செல்களில்தான் செயல்படுகின்றன. ஆயினும் அச்செல்லைச் சூழ்ந்திருக்கும், ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன் கொண்ட லிப்பிட் இரட்டைப்படலத்திடம் (தலைகள் வெளியேயும் வால்கள் உள்ளேயும் அமைந்த ஈரடுக்குக் கொழுப்புப் படலத்திடம்) இவை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், ஒரே தலைப்பில் வைத்தது பொருத்தந்தானா என்ற ஐயம் எழுகிறது.

அமிலோரைடின் மூலக்கூறில் உள்ள குவானிடின் என்னும் நைட்ரஜன் தொகுதிக்கு அமில மாறிலி (pKa, அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றிருக்கும் பிஎச் அளவு) ஏறத்தாழ 8.7 என்பதால், பிஎச் 7.4 உள்ள இரத்தத்தில் அதன் மூலக்கூறுகளில் சுமார் 95 விழுக்காடு நேர்மின்னூட்டம் ஏற்றே இருக்கும். பிஎச் 6 அளவிலான சிறுநீரில் மின்னூட்டமற்றவை அநேகமாக மிஞ்சுவதேயில்லை. மின்னூட்டம் சுமந்த பொருளைக் கொழுப்பமில வால்கள் நிறைந்த படலத்தின் உட்பகுதி எளிதில் ஏற்பதில்லை. எதிர்மின் தன்மையுள்ள பாஸ்பேட் தலைகளின் அருகே அது தங்கலாமே தவிர, ஊடுருவிச் செல்வது அரிது. அமிலோரைடுக்கோ உள்ளே போக வேண்டிய தேவையும் இல்லை: அது அடைக்க வேண்டிய சோடியம் வாயில் (சோடியம் செல்லுக்குள் நுழையும் புரதப் பாதை) படலத்தின் வெளிமுகத்தில், சிறுநீர் ஓடும் பக்கமாகவே திறந்திருக்கிறது. நேர்மின்னூட்டமுள்ள அத்தொகுதிதான் சோடியம் அயனியின் பாதைக்குள் நுழைந்து அடைப்பாக நிற்கிறது. படலத்தைக் கடக்கவிடாத அதே பண்பு மருந்தின் வேலைக்குத் துணையாவதை இம்மூன்றில் அமிலோரைடில்தான் மிகத் தெளிவாகக் காண்கிறோம்.

டிரையாம்டெரின் அதே வாயிலைத்தான் அடைக்கிறது. ஆனால் அதன் அமில மாறிலி சுமார் 6.2, இரத்தத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே மின்னூட்டம் பெற்றிருக்க, பிஎச் 6.2 ஆகும் சிறுநீரில் அது பாதியாக உயர்கிறது. எனவே படலத்தைக் கடப்பது இதற்கு எளிது. கல்லீரலில் பெருமளவு மாற்றமடைவதும் உண்டு. நீரில் குறைவாகவே கரைவதால் சிறுநீரில் படிகமாகிச் சில வேளை கல்லாகவும் சேர்கிறது.

ஸ்பைரோனோலாக்டோனின் கதை வேறு. மின்னூட்டமற்ற ஸ்டீராய்டு அமைப்புடைய இது கொலஸ்ட்ராலின் தூரத்து உறவு. வால்களுக்கிடையே கரைந்து, படலத்தைத் தானே கடந்து, சோடியத்தை உடலில் தக்கவைக்கும் ஹார்மோனான அல்டோஸ்டீரானுக்குச் செல்லுக்குள் இருக்கும் ஏற்பியைப் பற்றுகிறது. வாயிலை நேரடியாக அடைக்காமல் அந்த ஹார்மோன் தூண்டும் புதிய புரதங்கள் உருவாவதைத் தடுப்பதால் முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. பிற ஸ்டீராய்டு ஏற்பிகளையும் அது பற்றுவதால்தான் ஆண்களுக்கு மார்பக வீக்கம் வருகிறது.

ஆய்வகத்தில் டிபிபிசி என்னும் பாஸ்போலிப்பிட்டால் செய்த படலம் 41 டிகிரி செல்சியசில் இறுகிய நிலையிலிருந்து நெகிழ்நிலைக்கு மாறும். கொழுப்பில் கரையும் மருந்தைக் கலந்தால் இந்த வெப்பநிலை பொதுவாகச் சற்று இறங்கி, மாற்றமும் பரவலாகிறது. மருந்து படலத்தின் எந்த ஆழத்தில் தங்குகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் இத்தகைய சோதனைகளில் கலக்கப்படும் அளவு, நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு அதிகம். படலம் நெகிழ்வதே சிறுநீர் பெருகக் காரணம் என்று முடிவு கட்டுவது, என் மதிப்பீட்டில், அவசரம்.

தேர்வு என்று வந்தால், லித்தியம் உட்கொண்டு அளவுக்கு மீறிச் சிறுநீர் கழிப்பவருக்கு அமிலோரைடே பொருத்தம். லித்தியமும் அதே சோடியம் வாயில் வழியாகத்தான் செல்லுக்குள் நுழைகிறது. இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோனுக்கு ஈடாக மற்ற இரண்டையும் வைக்க முடியாது: 1999ஆம் ஆண்டு வெளியான ரேல்ஸ் ஆய்வில் அது இறப்பை 30 விழுக்காடு குறைத்தது. டிரையாம்டெரினைத் தனியே தேர்ந்தெடுக்க வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை. பொட்டாசியம் மிகுந்துவிடும் ஆபத்து மூன்றுக்கும் பொது என்றாலும், சிறுநீரகம் நலமாக இருந்தால் அமிலோரைடின் விளைவு நிறுத்திய ஒரு நாளளவில் தணிந்துவிடும். ஸ்பைரோனோலாக்டோன் உடலில் கேன்ரினோன் என்னும் செயல்படும் பொருளாக மாறி நீடிப்பதால், அதை நிறுத்திய பிறகும் சில நாட்களுக்கு இரத்தப் பொட்டாசியத்தைக் கண்காணிக்க வேண்டும்.