கோவையில் வாங்கி கோத்தகிரியில் ஓட்டிய மரவேலைக் கருவிகள்: ஏழு வருட அனுபவம்

2018 பிப்ரவரியில் ஒருநாள் காலை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் மடியில் ஒரு பலகையோடு உட்கார்ந்திருந்தேன். சில்வர் ஓக். சாக்கில் சுற்றிக் கயிறு போட்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். "கடையில காட்டறதுக்கு" என்றேன். மரத்தை யாராவது கடையில் காட்டுவார்களா என்பதுபோல் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்களுடையது சின்னப் பட்டறை. நான், அக்கா மகன், வேலை அதிகமிருந்தால் இன்னும் ஒருவர். பழைய பங்களாக்களின் ஜன்னல், கதவு மாற்றுவது பாதி வேலை. மீதி மேஜை, அலமாரி, கட்டில். அதுவரை கையில் இருந்தது ஒரு சாதாரண கை ரம்ப மெஷின், ஒரு டிரில், அப்பாவின் இழைப்புளிகள், உளிகள். விலை கூடின கருவிகள் எல்லாம் சென்னை, பெங்களூர் ஆட்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வெலிங்டன் பக்கம் ஒரு பங்களாவில் சில்வர் ஓக்கிலேயே முழு நூலக அலமாரி செய்யும் வேலை வந்தபோதுதான் மனசு மாறியது.

சில்வர் ஓக் தெரியாதவர்களுக்கு: தேயிலைக்கு நிழலாக இருக்கட்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த மரம். சரியான கோணத்தில் அறுத்தால் பலகை முழுக்க செதில் செதிலாக ஒரு மினுமினுப்பு வரும், பட்டுப்புடவை பார்டர் மாதிரி. ஆனால் குறுக்கே அறுத்தால் ஓரத்தில் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். மலையில் மரம் வெட்ட 1955ஆம் வருடச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும் என்பதால், முறையாக வருகிற மரம் மலிவாகக் கிடைப்பதில்லை. ஓரம் பெயர்ந்த ஒவ்வொரு பலகையும் நம் காசு.

அன்றைக்குக் கோவையில் இரண்டு கடைகளுக்குப் போனேன். இரண்டின் பெயரும் வேண்டாம். முதல் கடை பெரிய கடை. எல்லாம் கண்ணாடிக்குள்ளே. பலகையைப் பிரித்து, இதில் ஒரு வெட்டு போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "டெமோ எல்லாம் இல்லைங்க, யூடியூப்ல பாத்துக்கங்க" என்றார் அங்கிருந்த பையன். விலை கேட்டால் உடனே சொன்னார். மர வேலையைப் பற்றிக் கேட்டால் கேட்லாக்கைப் புரட்டினார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

இரண்டாவது கடை மரவேலைக் கருவிகள் மட்டும் விற்பது. முன்னால் விற்பனை, பின்னால் ஒரு சின்ன அறையில் மேஜை, மரத்தூள், பிளேடு தொங்கும் ஆணிகள். உரிமையாளர் என்னைவிடப் பெரியவர், முன்பு ஃபர்னிச்சர் வேலை செய்தவர். சாக்கைப் பார்த்ததுமே, "மரத்த நீங்களே கொண்டு வந்துட்டீங்களா தம்பி? நல்லதாப் போச்சு" என்றார். கைடு ரயில் என்கிற நேரான உலோகச் சட்டத்தின்மேல் ஓடி, மேலிருந்து மரத்துக்குள் இறங்கி வெட்டும் ப்ளஞ்ச் ரம்பத்தை எடுத்து, முதலில் பன்னிரண்டு பல் பிளேடில் குறுக்கே ஒரு வெட்டு போட்டார். வேண்டுமென்றேதான். ஓரம் பெயர்ந்தது. பிறகு நாற்பத்தெட்டு பல் பிளேடை மாட்டி, அரை அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு. வெட்டின ஓரத்தில் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் எங்கேயும் சிக்கவில்லை. "மெஷின் ஒண்ணுதான் தம்பி. காசு பிளேடுல இருக்கு" என்றார். இன்னொரு இருபதாயிரம் கூடுதலான மாடல் அலமாரியில் இருந்தது. அதைக் காட்டக்கூட இல்லை.

ரம்பமும் 1,400 மி.மீ. ரயிலும் எடுத்துக்கொண்டேன். விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி. பதிவு வைத்திருப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்வார்கள், என்னைப் போன்றவர்களுக்கு முழுக்கக் கைக்காசு. திரும்பும்போது பஸ்ஸில் ரயிலை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு ஆடினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

ரயில் விஷயத்தில் அந்தக் கடைக்கார அண்ணன் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில் கெடுத்துக்கொள்கிறார்கள். ரயிலின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை வரும், புதிதில் அது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை ஓட்டும்போது ரம்பமே அதைத் தன் அளவுக்குச் சீவிக்கொள்ளும். அதன்பிறகு பட்டை எங்கே முடிகிறதோ அங்கேதான் வெட்டு. கோடு போட்ட இடத்தில் பட்டையை வைத்தால் போதும். மரத்தை அது அழுத்திப் பிடித்துக்கொள்வதால்தான் சிலாம்பு வருவதில்லை. அந்த முதல் வெட்டை அவசரமாக ஓட்டினாலோ, பிற்பாடு தடிமன் வேறான பிளேடு மாட்டினாலோ பட்டை வீண். "முத வெட்ட வீட்டுக்குப் போயி, டீ குடிச்சிட்டு, நிதானமாப் போடுங்க" என்றார். அப்படித்தான் போட்டேன். அந்தப் பட்டை ஐந்து வருடம் உழைத்தது.

அடுத்த வருடம் வாங்கியது டோமினோ. 1925இல் ஆரம்பித்த ஃபெஸ்டூல் என்ற ஜெர்மன் கம்பெனியின் டிஎஃப் 500. என் முதல் பைக் இதைவிட மலிவு, அதை வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். இது செய்வது ஒரே வேலை. சுழலும் கட்டர் பக்கவாட்டிலும் ஆடுவதால் வட்டத் துளை நீள்வட்டத் துளையாக விழும். இரண்டு கட்டைகளிலும் அப்படித் துளைத்து, அதே வடிவத்தில் வரும் பீச் மரத்து முளையைப் பசை போட்டுச் செருகினால் மூட்டு முடிந்தது. உருளை முளை மாதிரி உள்ளே திரும்பாது. அப்பா உளியும் கொட்டாப்புளியுமாக ஒரு நாற்காலிக்கு ஒரு நாள் முழுக்க மூட்டு எடுப்பார். இதில் ஒரு மணி நேரம். அப்பாவின் மூட்டு மட்டமா என்றால், இல்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுக்க இன்று யாரும் தயாரில்லை.

இந்த மெஷின் என்னை ஒருமுறைகூடக் கைவிடவில்லை. தொல்லை கொடுத்தது முளைகள்தான், அதுவும் எங்கள் ஊர் மழையால். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஐப்பசியில் பத்து நாள் வெயிலே பார்க்காமல் இருப்போம். பீச் மரம் ஈரத்தை அப்படியே குடிக்கும். மார்ச்சில் விரலால் தள்ளினால் உள்ளே போன முளை, நவம்பரில் சுத்தியால் அடித்தாலும் பாதியில் நின்றது. துளையில்தான் தப்பு என்று ஒரு நாள் முழுக்க கட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைக்குப் போன் போட்டால், "ஈரமா இருக்குமா தம்பி? எங்களுக்கு இங்க அப்படி வந்ததில்லையே" என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார், வேறு இரண்டு பேரிடம் விசாரித்திருக்கிறார். முளைகளை இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைக்கச் சொன்னார். நான் அதோடு, வேலைக்கு முன்னால் வேண்டிய அளவு எடுத்து குண்டு பல்புக்குக் கீழே ஒரு தட்டில் பரப்பி வைக்கிறேன். காய்ந்ததும் சரியாக இறங்கும். பசையின் ஈரத்தில் உள்ளேயே ஊதி இறுகிக்கொள்வது கூடுதல் லாபம்.

மேலே எங்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி கீழே இருக்கிற கடைக்காரருக்குத் தெரியாது, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஜெனரேட்டர் கதையும் அப்படித்தான். வேலை செய்கிற பங்களாவில் கரண்ட் போனால் ஓட்டலாம் என்று 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். ரம்பம் 1,200 வாட், தூசி உறிஞ்சும் மெஷின் 1,000 வாட், கணக்குக்குப் போதும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஜெனரேட்டர் திக்கித் திணறி நின்றது. கடையில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. குன்னூரில் ஒரு பழைய ஜீப் மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொன்னார்: மலைமேல் காற்று அடர்த்தி குறைவு, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். கணக்குப் போட்டால் என் 2.5 இங்கே 2 சொச்சம்தான். பழைய ஜீப் வைத்திருந்தவர்களுக்கு இது தாத்தா காலத்து விஷயம். நான்தான் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிவிட்டேன்.

தூசி உறிஞ்சும் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கும்போது ஆடம்பரமாகப் பட்டது. சில்வர் ஓக் தூள் பட்டால் அக்கா மகனுக்குக் கை முழுக்கத் தடித்து அரிக்கும், அதற்காகத்தான் வாங்கினேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்பாவுக்கு முப்பது வருடம் இருமல். டீ குடித்தால் சரியாகிவிடும் என்பார்.

சரி, மனக்கசப்புக்கு வருகிறேன். 2021 அக்டோபரில் ரம்பம் நின்றுபோனது. வெளியே நல்ல மிஸ்ட். இரவு முழுக்க வண்டியில் கிடந்த ரம்பத்தை, கணப்பு எரிந்துகொண்டிருந்த அறைக்குள் நேராகக் கொண்டுபோய் பிளக்கில் மாட்டினேன். ஸ்விட்சை அமுக்கியதும் ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான். சில்லென்று இருந்த இரும்பின்மேல் அறையின் ஈரம் வியர்த்து, உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டில் இறங்கிவிட்டது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், தண்ணீர் புகுந்திருக்கிறது, மழையில் வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். மழையில் வைக்கவில்லை என்று நான் சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். ஐம்பத்திரண்டு நாள் ஆனது. நடுவில் எத்தனை போன்! ஒவ்வொரு முறையும் புதுக்குரல், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை.

அந்த ஐம்பத்திரண்டு நாளும் வேலையை ஓட்டியது கடைக்காரர் கொடுத்த டெமோ மெஷின். வாடகை கேட்கவில்லை, ரசீது எழுதவில்லை. "பிளேடு மட்டும் உங்களோடது போட்டுக்கங்க" என்றார். போர்டுக்கான காசில் பாதியைக் கம்பெனியோடு பேசிக் குறைத்தும் கொடுத்தார். ஆன்லைனில் வாங்கியிருந்தால் மூவாயிரமாவது குறைந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த மூவாயிரத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு நாள் நான் என்ன செய்திருப்பேன்? இப்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் கருவி, பெட்டியை மூடியபடியே அறைக்குள் அரை மணி நேரம் இருந்த பிறகுதான் திறக்கும். அக்கா மகன் இதற்கு 'மெஷினுக்கு ரெஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

குன்னூரில் ஒரு நண்பர், அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் சொல்லிப் மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் எடுக்கும் ரவுட்டர் மெஷின் ஒன்றைப் பாதி விலைக்கு வரவழைத்தார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மெஷின்மேல் ஒட்டியிருந்த தகட்டில் போட்டிருந்ததை யாரும் படிக்கவில்லை. மூன்றே விநாடியில் புகை. மோட்டார் வைண்டிங் கடைக்காரர் உள்ளே சுற்றும் ஆர்மேச்சரை வெளியே எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பேட்டரியில் ஓடுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: டிரில் மட்டும் பேட்டரி, மற்றதெல்லாம் வயர். ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பேட்டரி வழக்கமான நேரம் நிற்காது. ராத்திரி பட்டறையில் விடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் பரவாயில்லை. எஸ்டேட் ஓரத்து லைனில் சாயந்திரம் வோல்டேஜ் இறங்குவதால் வயர் மெஷின்களுக்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஏழு வருடத்தில் ரம்பத்துக்கு மூன்று ஜோடி கார்பன் பிரஷ், ஒரு போர்டு, ஒரு ரப்பர் பட்டை. டோமினோவுக்கு இரண்டு கட்டர். சும்மா கிடக்கும் வாங்கல் ஒன்றுதான்: மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் பெரிய சாண்டர் ஒன்று, நானே ஆசைப்பட்டு எடுத்தது. அண்ணன் அன்றைக்கே "உங்க வேலைக்கு இது பெருசு தம்பி" என்றார். கேட்கவில்லை. சின்ன சாண்டரே எல்லா வேலையையும் செய்கிறது.

அடுத்து வாங்க நினைப்பது பலகையைத் தடிமனுக்கு இழைக்கும் பிளானர். போன மாதம் கடையில் கேட்டபோது அண்ணன் விலையே சொல்லவில்லை. "உங்க லைன் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? மொதல்ல அதைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கம்பம் பார்க்க ஆள் வர வேண்டும்.