தேக்கா மேல்மாடி: இரண்டு தையல் கடை, ஒரே அளவு ரவிக்கை

சிங்கப்பூர் தேக்கா நிலையத்தில் ஈரச்சந்தைக்கு மேலே, படியேறினால் துணிக்கடைகளும் தையல் கடைகளும். அங்கே பத்தடி தள்ளியிருக்கும் இரண்டு தையல் கடைகளைப் பற்றியது இந்த மதிப்புரை. கடைப் பெயர் வேண்டாம். முதல் கடைக்காரர் "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க" என்று மின்விசிறியை நம் பக்கம் திருப்பி வைப்பவர். இரண்டாமவர் மெஷினிலிருந்து தலை நிமிரமாட்டார். "அளவு பிளவுஸ் இருக்கா?" அவ்வளவுதான் வரவேற்பு.

இருவர் பேச்சிலும் நெல்லை வாடை தூக்கல். ஆனால் முதலாமவருடைய பேச்சு "கேட்கவே இனிக்குது"; இரண்டாமவருடையது "பட்டிக்காட்டுப் பேச்சு". சொன்ன நாளுக்குத் தருவது இருவர் வழக்கத்திலும் இல்லை. ஒருவர் தாமதித்தால் "பாவம், ஒத்தை ஆளா எவ்வளவுதான் பார்ப்பாரு"; மற்றவர் தாமதித்தால் "திமிரு". வாடிக்கையாளர் வாயில் வரும் இந்தச் சொற்களை ஓரமாக வைத்துவிட்டுத் துணியைப் பார்ப்போம்.

ஒரே சுருளில் வெட்டிய இரண்டு 80 செ.மீ. ராசில்க் துண்டுகள், ஒரே அளவு ரவிக்கை, இரண்டிலும் பருத்தி லைனிங். கூலி முதல் கடையில் 45 வெள்ளி, இரண்டாவதில் 40.

மேலாகப் பார்த்தால் இரண்டும் அழகு. உள்பக்கத்தைத் திருப்பினால்தான் வித்தியாசம் தெரியும். முதல் கடையில் பக்கத் தையலுக்கு வெளியே விட்ட துணி அரை அங்குலம். இரண்டாம் கடையில் ஒன்றரை. உடம்பு கொஞ்சம் போட்டால் முதல் ரவிக்கையைப் பிரித்துவிட வழியில்லை. முதல் கடையின் கழுத்துப் பைப்பிங், அதாவது கழுத்து விளிம்பில் வைக்கும் மெல்லிய பட்டி, துணியின் நேர் இழையில் வெட்டியது, அதனால் முதுகு வளைவில் நெளிகிறது. மற்றவர் இழைக்குக் குறுக்காக 45 பாகையில் கிராஸ் பீஸ் எடுத்திருக்கிறார். வளைவில் படிந்து கிடக்கிறது. முன் டாட்டின், அதாவது மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையலின், நுனி மார்பின் உச்சிக்கு முக்கால் அங்குலம் முன்பே நிற்க வேண்டும். முதல் கடையில் அது உச்சி வரை ஓடியிருப்பதால் கூம்பு விழுகிறது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஆர்ம்ஹோல், கை பொருத்தும் வளைவு. முதல் கடையில் அதை ஆழமாக வெட்டுகிறார்கள். கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது "லூசா, சௌகரியமா இருக்கே" என்று தோன்றும். எம்ஆர்டி ரயிலில் மேலே பிடியைப் பிடித்துப் பாருங்கள், ரவிக்கையே இரண்டு விரற்கடை ஏறிவிடும். இரண்டாம் கடை ஆர்ம்ஹோல் அக்குளை ஒட்டியிருக்கிறது. முதலில் போடும்போது பிடிப்பதுபோல் இருக்கும். கையைத் தூக்கினால் கீழ்ப்பட்டி நகராது. "அக்குள் பிடிக்குது, தைக்கத் தெரியலை" என்று அந்தக் கடையைப் பற்றிச் சொல்லப்படும் குறை உண்மையில் அவர் தொழில் தெரிந்தவர் என்பதற்குச் சாட்சி.

லைனிங்கை வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்க்க வேண்டும். முதல் கடையில் அதைச் செய்யவில்லை என்பது ஒரே அலசலில் தெரிந்துவிட்டது: லைனிங் சுருங்கி, மேல்துணி முதுகில் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிட்டது.

இரண்டாமவரும் குறையில்லாதவர் அல்ல. நூல் முனைகளை வெட்டுவதில்லை. கடைசிக் கொக்கியை எட்ட வைப்பதால் பட்டி வாய் திறக்கிறது. சின்ன ஆல்டருக்கும் (தைத்ததைத் திருத்த) 5 வெள்ளி கேட்பார். முதலாமவர் சும்மாவே செய்து தருவார், கை ஹெம்மிங்கும் அவரிடம் அருமை.

பிறகு ஏன் பலரும் முதல் கடைக்கே மார்க் போடுகிறார்கள்? 1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை இதற்கு நேராகப் பொருந்தும். ஐரோப்பிய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஓர் ஆசிரியர். அவருடைய பேட்டி இரண்டு விதமாகப் படமானது. ஒன்றில் கனிவாக இருக்கிறார், மற்றதில் கடுகடு. கனிவானதைப் பார்த்த மாணவர்களில் பலருக்கு அவர் தோற்றம், பாவனை, உச்சரிப்பு எல்லாமே பிடித்தன. கடுகடுப்பைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே உச்சரிப்பே எரிச்சல். அதைவிடச் சுவையான பகுதி அடுத்தது. ஆளைப் பிடிக்காததால் உச்சரிப்பும் பிடிக்காமல் போனது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உச்சரிப்பு பிடிக்காததால்தான் ஆளைப் பிடிக்கவில்லை என்றே நம்பினார்கள். காரணமும் விளைவும் தலைகீழ். "அக்குள் பிடிச்சுது, அதனாலதான் அந்தக் கடை வேண்டாம்" என்பதும் அந்த ரகம்தான். வேண்டாம் என்று மனம் வாசலிலேயே சொல்லியாயிற்று. காரணம் பிறகு ரவிக்கையில் கிடைக்கிறது.

1920இல் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகளுக்கு அவர்களுடைய மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்களிலும் இதைத்தான் கண்டார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாம் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கின. 'ஒளிவட்டம்' என்ற பெயர் அவர் வைத்தது.

ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் பேநவ்வில் பணம் செலுத்துமுன், கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்காமல் ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் துணியை டேப்பால் அளந்து, போட்டபின் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கழுத்து வளைவை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. லைனிங்கை மட்டும் முன்கூட்டியே வாங்கி வீட்டிலேயே நனைத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

நம் கணக்கு: சாதாரணப் பருத்தி ரவிக்கை, சேலைக்கு ஃபால்ஸ், அவசர ஆல்டர் என்றால் முதல் கடை. பட்டு என்றால் இரண்டாவது, யோசிக்கவே வேண்டாம். தீபாவளிக்கு என்றால் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசிக் கொக்கியை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பதில் வராது, வைத்துவிடுவார்.