நாகை – காங்கேசன்துறைக் கப்பல்: காற்று எழும்பினால் கரை எப்போது?

தமிழ்நாட்டில் கோயில், கலியாண உடுப்பு அலுவல்களை முடித்துவிட்டு அப்படியே யாழ்ப்பாணம் போகலாம் என்று வெளிநாட்டிலிருந்து வருகிற பலர் இப்போது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைப் பார்க்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் நாலு மணித்தியாலப் பயணம் என்று சொல்வது காற்று அடங்கிய நாளின் கணக்கு. தூரம் ஏறக்குறைய 60 கடல்மைல், அதாவது 110 கிலோமீற்றர். காற்று எழும்பிய நாளில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இரு கரையிலும் உள்ள கடைசி அரை மைல்தான்.

2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய சேவை, வடகீழ்ப் பருவமழையால் அதே மாதம் 20ஆம் திகதியோடு நின்றது. 2024 ஓகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கி, நவம்பரில் நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் ஓடியது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். ஆழ்கடலில் நீளமாக உருண்டு போகும் அலை, இங்கே குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும்பும். மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்கள் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நாகைத் துறைமுகம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆற்று மணலும் கடல் ஒதுக்கும் மணலும் சேர்ந்து அங்கே திட்டுப் போடும். தூர்வாரித்தான் வழி வைத்திருக்கிறார்கள். கொண்டல் காற்றில், அதாவது கிழக்குக் காற்றில், வரும் அலை அந்தத் திட்டின்மேல் உடையும். அலையின் பள்ளத்தில் கப்பல் இறங்குகிறபோது அடிப்பாகத்துக்கும் மணலுக்கும் இடையில் தண்ணீர் போதாமல் போகலாம். ஒடுங்கிய வாயில் பக்கக்காற்றும் தள்ளினால் திருத்திக்கொள்ள இடமில்லை. ஆகவே காற்றுத் தணியும்வரை அல்லது நீர் ஏறும்வரை கப்பல் வெளியே நிற்கும்.

காங்கேசன்துறையின் சிக்கல் வேறு. அது வடக்குப் பார்த்த துறை. வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அலைதடுப்பு அணை இருந்தாலும் அதன் நுனியைச் சுற்றி அலை வளைந்து உள்ளே வரும். முதல் வடத்தைக் கரைக்கு எறிந்து இரும்புக் குற்றியில் மாட்டியதும் கவனித்துப் பாருங்கள். கப்பல் ஒரு முழம் விலகும், தொய்ந்து கிடந்த வடம் கம்பிபோல இறுகும், தண்ணீர் பிழிந்து சொட்டும், அடுத்த அலையில் கப்பல் திரும்பி வந்து ரப்பர் தாங்கியில் முட்டும். அப்படி இறுகுகிற வடம் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு உயிராபத்து. ஏணிப்பாலமும் ஏறி இறங்கி ஆடும், அதில் குழந்தையையோ வயதானவரையோ நடத்த முடியாது. “கரை தெரியுதே, ஏன் கட்டாமல் நிக்கிறாங்கள்?” என்று கப்பலில் கேட்கிற கேள்விக்கு இதுதான் பதில். மாலுமிகளோடு சண்டை பிடிக்காதீர்கள்.

முதல் நாளே நிலைமையை அறிய வழி உண்டு. இந்தியக் கரையில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 1ஆம் எண் தானே என்று ஆறுதல் அடைய வேண்டாம். புயலுக்கு முன்னமே அதன் அலை வந்து சேர்ந்துவிடும். இலங்கைப் பக்கம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவிப்பில் காங்கேசன்துறையைக் குறிப்பிடும் வரியைப் பாருங்கள். மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தால், உங்கள் பயணமும் சந்தேகம்தான்.

வெளியே நிற்கும்போதுதான் சத்தி (வாந்தி) கூடும். ஓடுகிற கப்பல் அலையை முகத்தில் வாங்கி வெட்டிப் போகும். நின்ற கப்பல் பக்கவாட்டில் உருளும். குமட்டல் மாத்திரையை ஏற முன், அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு முதலே போட வேண்டும். சத்தி தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. தொலைபேசியைப் பார்க்காமல் தொடுவானைப் பாருங்கள். பெரிய பெட்டிகள் இறங்கும்வரை கைக்கு வராது. ஆகவே ஒரு நாளுக்கான மருந்து, இன்சுலின், தண்ணீர், பிஸ்கட், குழந்தையின் பால்மா, மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சீனி வருத்தக்காரர் ‘நாலு மணித்தியாலம்தானே’ என்று வெறுங்கையோடு ஏறவே கூடாது.

கட்ட முடியாமல் புறப்பட்ட துறைக்கே திரும்பினால், கடவுச்சீட்டைக் கையில் எடுங்கள். வெளியேறும் முத்திரை ஏற்கெனவே விழுந்திருக்கும். அதை ரத்துச் செய்ததாகக் குறித்தார்களா என்று மேசையை விட்டு நகர முன் பாருங்கள். ஒற்றை நுழைவு விசாக்காரருக்கு இது மிக முக்கியம். விட்டால் நாட்டை விட்டுப் போய்விட்டதாகவே பதிவில் கிடக்கும். இன்னொன்று: காங்கேசன்துறையிலிருந்து நாகைக்குப் போகிறவர்கள், இந்திய இ-விசாவில் நுழையக்கூடிய துறைமுகங்களின் பட்டியலை டிக்கெட் எடுக்க முன் பாருங்கள். அது எல்லாத் துறைமுகத்துக்கும் செல்லாது.

கப்பல் ரத்தானால் திருச்சி அல்லது சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு விமானம் உண்டு. நாகையிலிருந்து திருச்சி வீதியால் சுமார் 140 கிலோமீற்றர். ரத்து அறிவித்தவுடன் பணத்தைத் திருப்பித் தருவார்களா, திகதி மட்டும்தான் மாற்றுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். ஊர் திரும்பும் விமானம் கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலோ சென்னையிலோ என்றால், அதற்கும் கப்பலுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு முழு நாள் விடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு என்றால் நான் நாலு நாள் விடச் சொல்வேன்.